பொட்டலத்தின் பின்பக்கம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாம் அனைவரும் அறிந்த முதுமொழி. வகுப்பறைச் சுவரில் அதனை அழகுற எழுதி ஒட்டுகிறோம். கட்டுரைப் போட்டிகளில் அதனையே முதல் வரியாகவும் அமைக்கிறோம். ஆயினும், ஓய்வு மணி அடித்தவுடன் நம் கைகள் எவற்றை நாடுகின்றன? பளபளக்கும் உறையில் அடைக்கப்பெற்ற நொறுக்குத் தீனி, செந்நிறச் சர்க்கரை நீர், எண்ணெயில் பொரித்த சொசேஜ், வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் மீ ஆகியவற்றையே நாடுகின்றன. இவற்றை வாங்குகையில் நாம் பொட்டலத்தின் முன்பக்கத்தை மட்டுமே காண்கிறோம். அங்கே சிரிக்கும் கேலிச்சித்திரமும், நீர்த்துளி படிந்த பழத்தின் படமும், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் உள்ளன. பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் ஒரு பட்டியல் உள்ளது. முன்பக்கத்தில் இருப்பது விற்பவர் நமக்குச் சொல்ல விரும்புவது. பின்பக்கத்தில் இருப்பது அவர் நமக்குச் சொல்லியே ஆகவேண்டும் எனச் சட்டம் கட்டளையிட்டது. ஆகவே, அப்பின்பக்கத்தையே இக்கட்டுரையில் நமக்குப் பாடநூலாகக் கொள்வோம்.

பதப்படுத்துதல் பழைய கலையே

உணவைக் கெடாமல் காத்தல் மனிதன் நெடுங்காலமாக அறிந்த கலையாகும். நம் பாட்டிமார் மாங்காயை உப்பிலிட்டு ஊறுகாய் ஆக்கினர். மீனுக்கு உப்புத் தடவி வெயிலில் உலர்த்திக் கருவாடு செய்தனர். வற்றலும் வடகமும் அப்பளமும் இட்டு மழைக்காலத்திற்குச் சேமித்தனர். மலாய் மக்களின் பெலாச்சானும், சீன மக்களின் சோயாக் கீச்சாப்பும் இவ்வாறு பிறந்தவையே. உணவிலுள்ள நீர் குறைந்தாலும், உப்போ புளிப்போ மிகுந்தாலும், அதில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருக மாட்டா. இதுவே அக்கலையின் அடிப்படை.

எனவே, பதப்படுத்திய உணவு யாவும் தீயவை என்று கூறுதல் பொருந்தாது. பாலைக் காய்ச்சுவதும், பட்டாணியை உறைய வைப்பதும், மத்தி மீனை டின்னில் அடைப்பதும் பதப்படுத்துதலேயாகும். ஆனால் தொழிற்சாலையில் உருவாகும் பல உணவுகளின் நிலை வேறு. அவை பல மாதங்கள் கடைத் தட்டில் கிடக்க வேண்டும், நிறம் மங்கலாகாது, மணம் குன்றலாகாது, விலையும் குறைவாக இருத்தல் வேண்டும். இத்தனையும் ஒருங்கே நிறைவேறும் பொருட்டு, வீட்டுச் சமையலறையில் நாம் காணாத பல பொருள்கள் அவற்றில் சேர்க்கப்படுகின்றன. கெடாமல் காப்பவை, நிறம் தருபவை, மணமும் சுவையும் கூட்டுபவை, சர்க்கரைக்கு மாற்றாக இனிப்பூட்டுபவை எனப் பல வகைகள் இவற்றுள் அடங்கும். இவற்றை உணவுச் சேர்க்கைப் பொருள்கள் என்கிறோம்.

பேராக்கில் நிகழ்ந்த துயரம்

சேர்க்கைப் பொருள்களைப் பற்றி நாம் ஏன் இத்துணை கவலை கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு. 1988-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பேராக் மாநிலத்தில் 13 குழந்தைகள் சில நாள்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தனர். சீனர்களின் ஒன்பது பேரரசக் கடவுளர் திருவிழாக் காலம் அது. அக்குழந்தைகள் உண்டது 'லோ சீ ஃபன்' எனப்படும் அரிசி மாவு மீ. அவர்களுடைய கல்லீரல் பழுதடைந்து, மூளையும் பாதிக்கப்பட்டது. ஆராய்ந்த மருத்துவர்கள், 'அஃப்லடாக்சின்' என்னும் பூஞ்சை நஞ்சு அவ்வுணவின் வழியே குழந்தைகளின் உடலில் புகுந்ததைக் கண்டறிந்தனர். அவ்வுணவில் போரிக் அமிலம் என்னும் வேதிப்பொருளும் கலந்திருந்தது தெரியவந்தது.

இவ்விரு நஞ்சுகளும் வெவ்வேறு வழியில் வருபவை. அஃப்லடாக்சின், தூய்மையற்ற இடத்தில் ஈரம்பட வைத்த தானியத்திலும் மாவிலும் வளரும் பூஞ்சையினால் உண்டாவது. அதனை எவரும் விரும்பிச் சேர்ப்பதில்லை. அசட்டையினால் அது சேர்கிறது. போரிக் அமிலமோ மனிதர் கையால் சேர்க்கப்படுவது. மீயும் மீன் உருண்டையும் குழைந்து போகாமல் விறைப்பாக இருக்கவும், விரைவில் கெடாமல் இருக்கவும் சிலர் அதனைக் கலப்பர்.

போரிக் அமிலம் தீயது என்பதை உலகம் அப்போதுதான் அறிந்ததா? இல்லை. அதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் உறவுப் பொருளான போராக்ஸ் சோதனைக்கு உள்ளாயிற்று. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், அரசாங்க வேதியியல் அறிஞரான டாக்டர் ஹார்வி வைலி என்பவர், தாமே முன்வந்த 12 இளைஞர்களுக்கு உணவோடு போராக்ஸைக் கொடுத்து அதன் விளைவுகளைக் குறித்து வந்தார். அவ்விளைஞர்களுக்குத் தலைவலியும் வயிற்று வலியும் உண்டாயின; பசி குன்றியது. இத்தகைய ஆய்வுகள் மக்கள் மனத்தைத் தட்டியெழுப்பின. 1906-ஆம் ஆண்டில் அந்நாட்டில் உணவுத் தூய்மைக்கான சட்டம் பிறந்தது.

நம் நாட்டிலும் 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும், 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளும் உள்ளன. எந்த உணவில் எந்தப் பொருளை எந்த அளவுக்குச் சேர்க்கலாம் என்பதை அவை வரையறுக்கின்றன. பேராக்கில் அத்துயரம் நிகழ்ந்தபோது இச்சட்டம் நடப்பில் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. செய்பவரிடம் நேர்மையும், சோதிப்பவரிடம் விழிப்பும், உண்பவரிடம் அறிவும் வேண்டும். முதல் இரண்டும் பிறர் கையில் உள்ளன. மூன்றாவது நம் கையில் உள்ளது.

கண்ணைக் கவரும் சாயங்கள்

1856-ஆம் ஆண்டில் வில்லியம் பெர்கின் என்னும் 18 வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தற்செயலாக உருவாக்கினார். அது துணிக்கு ஏறிய சாயம். அதன் வழியில் பிறந்த பல செயற்கைச் சாயங்கள் காலப்போக்கில் உணவிலும் ஏறின. இன்று நாம் உண்ணும் வண்ண மிட்டாய், ஜெல்லி, சிரப் ஆகியவற்றின் நிறம் பெரும்பாலும் பழத்திலிருந்து வந்ததன்று. மஞ்சள் நிறம் தரும் டார்ட்ராசின் என்னும் சாயத்திற்கு 102 என்றும், செம்மஞ்சள் நிறம் தரும் சன்செட் யெல்லோவுக்கு 110 என்றும் எண்கள் உண்டு.

2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதுச் சிறுவர்களுக்கும் சில செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுள் சிலரிடம் அமைதியின்மையும் பரபரப்பும் கூடியதை அவர்கள் கண்டனர். அதன்பின், 2010-ஆம் ஆண்டு ஜூலை முதல், அத்தகைய ஆறு சாயங்களுள் ஏதேனும் ஒன்று கலந்த உணவின் உறையில், குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஆணையிட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வகையில் பாதிக்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், நிறத்தால் உடலுக்கு எள்ளளவும் ஊட்டம் இல்லை. பயன் இல்லாத ஒன்றை, ஐயத்திற்கு இடமிருக்கும்போது, நாம் ஏன் உண்ண வேண்டும்?

பதப்படுத்திய இறைச்சியும் உலர்ந்த பழமும்

சொசேஜ், ஹாட் டாக், டின் இறைச்சி முதலியவற்றில் நைட்ரைட் என்னும் உப்பு சேர்க்கப்படுவது வழக்கம். அது இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. 'பொட்டுலிசம்' என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரையும் தடுக்கிறது. ஆகவே அதனால் ஒரு நன்மை உண்டு. ஆயினும், வயிற்றினுள்ளும் கடுஞ்சூட்டில் பொரிக்கும்போதும் அதிலிருந்து புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் உருவாகக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், 2015-ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சியை உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என அது கணித்தது. எப்போதோ ஒருநாள் உண்பதால் எவரும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் உண்ணும் பழக்கமே தவிர்க்கத்தக்கது.

உலர்ந்த பழங்களிலும் உப்பிட்ட புளிப்புப் பழங்களிலும் நிறம் கருக்காமல் இருக்கச் சல்பைட் என்னும் பொருளைச் சேர்ப்பதுண்டு. ஈளை நோயுள்ள சிலருக்கு அது மூச்சுத் திணறலை உண்டாக்கும். நம் வகுப்பில் அந்நோயுள்ள தோழர் இருப்பின், அவருக்கு இத்தகைய பழங்களைக் கொடுக்கும் முன் உறையைப் படித்துப் பார்த்தல் நட்புக்கு அழகு.

வீண் அச்சமும் வேண்டா

தீமையை அறிவது போலவே, தீமையல்லாததையும் அறிதல் வேண்டும். 'அஜினமோட்டோ' என நம் வீடுகளில் வழங்கும் மோனோசோடியம் குளூட்டாமேட்டை எடுத்துக்கொள்வோம். 1908-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிகுனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான குளூட்டாமேட்டைப் பிரித்தறிந்தார். அது தக்காளியிலும் இயற்கையாகவே உள்ளது. அதனை நஞ்சு என்று அஞ்சுவோர் பலர். அளவோடு சேர்த்தால் பெரும்பாலோருக்கு அது தீங்கு செய்வதில்லை என்பதே ஆய்வாளர் முடிவு. ஆனால் அதிலும் சோடியம் உண்டு. அன்றியும், சுவையற்ற உணவையும் மேலும் மேலும் உண்ணத் தூண்டும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனை அளவறிந்து கொள்வதே முறை.

எண்கள் இருப்பதனாலேயே ஒரு பொருள் தீயதாகிவிடாது. 300 என்னும் எண் குறிப்பது வைட்டமின் சி சத்தையே. ஆகவே எண்ணைக் கண்டு ஓடாமல், அது எதனைக் குறிக்கிறது எனக் கேட்டறிதல் வேண்டும்.

சட்டம் தடுக்காத இரண்டு

இதுகாறும் நாம் கண்ட பொருள்களைவிட நமக்கு மிகுதியான கேடு விளைவிப்பவை இரண்டு உள்ளன. அவற்றின் பெயரைக் கேட்டால் எவரும் அஞ்சார். அவை சர்க்கரையும் உப்பும். இவற்றைச் சட்டம் விலக்குவதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இவற்றிற்கே முற்றிலும் பொருந்தும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இனிப்புப் பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ளது எனக் கொள்வோம். 325 மில்லிலிட்டர் கொண்ட ஒரு டின்னில் 32.5 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். எனவே அந்த டின்னில் 8 தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளது. வீட்டில் ஒரு குவளைத் தேநீரில் 8 கரண்டிச் சர்க்கரை போட அம்மா இசைவாரா? நாளொன்றுக்கு நாம் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இத்தகைய சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அதிலும் பாதியாகக் குறைத்தால் மேலும் நன்று என்றது. நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் ஒரு சிறுவனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 40 கிராம். ஒரே டின்னில் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலிலும் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே.

உப்பின் கணக்கும் இத்தகையதே. உறையில் 'சோடியம்' என்று குறித்திருக்கும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஓர் உடனடி மீப் பொட்டலத்தில் 1,600 மில்லிகிராம் சோடியம் இருப்பின், அது 4 கிராம் உப்புக்குச் சமம். வளர்ந்தவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான் தகும். அப்படியிருக்கச் சிறுவர் ஒருவர் அம்மீயைச் சாறு முழுவதோடும் ஒருவேளையில் உண்பது முறையாகுமா?

இதன் விளைவு நம் இல்லங்களிலேயே தெரிகிறது. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, வளர்ந்தவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் பிற இனத்தவரைவிட மிகுதியாக இருந்தது. தாத்தாவுக்கு மாத்திரை, பாட்டிக்கு ஊசி என்று நாம் காணும் காட்சிகளை அடுத்த தலைமுறையும் காண வேண்டுமா என்பதே நம்முன் உள்ள வினா.

அரசாங்கங்களும் வாளாவிருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரியை மலேசியா விதித்தது. அண்டை நாடான சிங்கப்பூர், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல், அடைக்கப்பெற்ற பானங்களை ஏ, பி, சி, டி எனத் தரம் பிரித்தது. 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உடையவை கடைசித் தரமான டி-யில் அடங்கும். அவற்றை அங்கு விளம்பரம் செய்தல் கூடாது. சர்க்கரைக்கு மாற்றாகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்துவதும் சிறந்த வழியன்று. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நாட வேண்டா என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவுரை கூறியது. தாகத்திற்கு ஏற்றது தண்ணீரே.

ஏன் நிறுத்த முடிவதில்லை?

ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் அது தீரும்வரை கை ஓய்வதில்லை. இதற்கும் ஆய்வு உண்டு. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரு வாரங்கள் தொழிற்சாலை உணவும், இரு வாரங்கள் எளிய முறையில் சமைத்த உணவும் கொடுத்தனர். இருவகையிலும் பரிமாறிய சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியன சமமாகவே இருந்தன. வேண்டும் அளவு உண்ணலாம் என விட்டனர். தொழிற்சாலை உணவை உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர்; விரைவாகவும் உண்டனர்; எடையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடிற்று. மென்மையான உணவு வாயில் விரைந்து கரைகிறது. 'போதும்' என்று வயிறு சொல்வதற்குள் பொட்டலம் காலியாகிவிடுகிறது.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

முதலாவதாக, பொருள் பட்டியலைக் காண வேண்டும். எப்பொருள் எடையில் மிகுதியோ அது முதலில் எழுதப்பட்டிருக்கும். ஆரஞ்சுப் பழத்தின் படம் போட்ட பானத்தில் நீர் முதலாவதாகவும், சர்க்கரை இரண்டாவதாகவும், பழச்சாறு கடைசியிலும் இருக்குமாயின், அது பழச்சாறன்று என்பது தெளிவு.

இரண்டாவதாக, உறையிலுள்ள மலாய்ச் சொற்களின் பொருளை அறிதல் வேண்டும். 'பெங்காவெட்' என்பது கெடாமல் காக்கும் பொருள். 'பெவார்ணா' என்பது சாயம். 'பெரிசா' என்பது மணமும் சுவையும் தருவது. 'குலா' என்பது சர்க்கரை. 'காராம்' என்பது உப்பு. அதனை நம் மிளகாய்க் காரமெனக் கொள்ளலாகாது.

மூன்றாவதாக, சத்துப் பட்டியலில் சர்க்கரையின் அளவையும் சோடியத்தின் அளவையும் காண வேண்டும். 'ஒரு பரிமாறலுக்கு' எனக் குறித்த அளவு முழுப் பொட்டலத்திற்கும் உரியதா என்று உற்று நோக்குதல் வேண்டும். நான்காவதாக, 'தாரிக் லுப்புட்' எனப்படும் காலாவதி நாளைப் பார்த்தல் வேண்டும். உறையே இல்லாமல், ஊர் பெயர் தெரியாமல், கண் கூசும் நிறத்தில் விற்கப்படுவனவற்றை வாங்காமலிருத்தல் நன்று.

எதனை உண்போம்?

தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலர், லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் வாழையும் வைத்தனர். மாடு வளர்த்துப் பால் கறந்தனர். அவர்கள் வாழ்வில் வறுமை இருந்தது. அதனை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால் அவர்கள் அறிந்திருந்த உணவுகள் பல இன்றும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவித்த கொண்டைக்கடலை, பாசிப்பயற்றுச் சுண்டல், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, இட்டலி, இடியப்பம், அவித்த முட்டை, கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் ஆகியவற்றைப் படிக்க உறை வேண்டுவதில்லை. உண்ணும் தட்டில் கால் பங்கு சோறும், கால் பங்கு மீன், இறைச்சி, முட்டை அல்லது பருப்பும், மீதிப் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்னும் எளிய முறையைக் கற்பிக்கிறது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருந்துகளின் பெயர்களைச் சொல்லவில்லை. பசித்து, அளவறிந்து உண்ணும் முறையையே சொல்கிறது.

மாணவச் செல்வங்களே! பேராக்கில் உயிரிழந்த அக்குழந்தைகளால் தங்கள் உணவில் என்ன கலந்திருந்தது என்பதை அறிந்திருக்க இயலாது. நமக்கோ எழுத்தறிவு உண்டு; கண்ணெதிரே பட்டியலும் உண்டு. சட்டம் காக்க வேண்டியதைச் சட்டம் காக்கட்டும். நம் நாவையும் கையையும் காக்கும் பொறுப்பை நாம் ஏற்போம். இன்று வாங்கும் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஒருமுறை திருப்பிப் படிப்போம். படித்ததை வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் சொல்வோம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலுள்ள மூன்று உணவுப் பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பட்டியலிலும் முதல் மூன்று பொருள்களை எழுதுக.

2. ஒரு பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை உள்ளது. 500 மில்லிலிட்டர் புட்டியில் எத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும்?

3. ஒரு பொட்டலத்தில் 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ளது. அது எத்தனை கிராம் உப்புக்குச் சமம்?

4. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கத்தக்க ஐந்து நல்ல உணவுகளைப் பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.